பின்படிக்கட்டுக் கேட்டின் சாவி யார் கையில்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மூன்று தளக் கட்டடம். தரைத்தளத்தில் சேலையும் பூசைச் சாமானும் விற்கும் கடையை அவர் பல வருடமாக நடத்துகிறார். உதவிக்கு இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். மேலே முன்பு நான்கு ஃபிளாட்டுகள் இருந்தன. கட்டட உரிமையாளர் அவற்றைச் சிப்போர்டால் தடுத்துப் பத்து அறைகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாடகைக்கு விட்டிருக்கிறார். பின்பக்கப் படிக்கட்டு முடியும் இடத்தில் இரும்புக் கேட் ஒன்று. திருட்டுப் பயத்தால் உரிமையாளரின் ஆள் இரவு ஏழு மணிக்கு அதில் பூட்டுப் போட்டு, சாவியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார். கடையின் டிபி போர்டிலிருந்தே (பிரேக்கர்கள் இருக்கும் மின் விநியோகப் பலகை) மேல் அறைகளுக்கு ஒரு ஒயர் போகிறது. அதற்கான பிரேக்கர் அடிக்கடி விழுந்ததால், வந்த எலக்ட்ரீஷியன் 20 ஆம்பியரை எடுத்துவிட்டு 40 ஆம்பியர் மாட்டிவிட்டார். போன மாதம் மேலே ஒரு அறையில் ஹாட்பிளேட்டிலிருந்து திரைச்சீலை பற்றி எரிந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அணைத்தார்கள்.

உரிமையாளர் வேறு யாருமல்ல, கணவரின் பெரியப்பா. கேட்டால், "தீ உன் பொறுப்புன்னு நீதானேம்மா கையெழுத்துப் போட்டே" என்கிறார். 2016-இல் மூன்று வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் அது. காலம் முடிந்தும் புதுப்பிக்கவில்லை, மாதாமாதம் வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. சகோதரியின் கேள்விகள் இவை: அந்தக் கையெழுத்து என்னைக் கட்டுமா? சரிசெய்யும்வரை வாடகையை நிறுத்தலாமா? நகராட்சியிடம் சொன்னால் மேலே இருக்கும் குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடுமா? எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அது போதாதா? கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "தீபாவளிக்கு வாங்கிய பட்டாசில் மிச்சம் கொஞ்சம் பரணில் இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களை முதலில் சொல்ல வேண்டும். ஒன்று அந்தப் பூட்டு. இன்னொன்று அந்தப் பரண்.

பூட்டை இன்றே எடுக்க வைக்க வேண்டும். ஒப்பந்தம், வாடகை, உறவு எல்லாவற்றையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம். மூன்று தளமோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்துக்குத் தப்பிக்க இரண்டு வழி வேண்டும் என்பது தேசியக் கட்டட விதிமுறைகளின் தீப்பாதுகாப்புப் பகுதியான சான்ஸ் (SANS, தென்னாப்பிரிக்கத் தேசியத் தரம்) 10400-டி (T) சொல்லும் பொது விதி. ஏழு மணிக்குப் பூட்டு விழுந்ததும் உங்கள் கட்டடத்தில் ஒரு வழிதான் மிச்சம். ஆட்கள் தூங்கும் நேரமும் அதுதான். ஜோஹன்னஸ்பர்க்கில் 2023 ஆகஸ்ட் 31 அதிகாலை உசிந்திசோ கட்டடம் எரிந்து 76 பேர் இறந்தார்கள். அங்கேயும் எளிதில் பற்றும் பொருட்களால் அறைகளைத் தடுத்திருந்தார்கள், வெளியேறும் வழியில் கேட் பூட்டிக் கிடந்தது. அந்தத் தீயை விசாரித்த நீதிபதி கம்பேப்பே ஆணையம், கட்டடத்தின் உரிமையாளர் என்ற முறையில் நகராட்சியைப் பொறுப்பாளியாகச் சொன்னது. உரிமையாளர் நகராட்சியாக இருந்தாலும் பெரியப்பாவாக இருந்தாலும் அளவுகோல் ஒன்றுதான்.

திருட்டுப் பயம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. கேட்டை எடுத்துவிடச் சொல்லவும் இல்லை. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற மாதிரி பூட்டை மாற்றுங்கள் என்கிறேன். உள்பக்கம் தள்ளினாலே திறக்கும் பேனிக் பார், அல்லது கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும் பூட்டு, இரண்டில் ஒன்று போதும். வெளியிலிருந்து சாவி இல்லாமல் நுழைய முடியாது. கம்பிகளுக்கு நடுவே கைவிட்டு உள்பக்கப் பிடியை எட்டிவிடுவார்கள் என்றால், பிடியைச் சுற்றி ஓர் இரும்புத் தகடு பற்றவைத்தால் தீர்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சாவி வைப்பது, ஆளுக்கொரு சாவி கொடுப்பது இதெல்லாம் புகை சூழ்ந்த இருட்டில் உதவாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற தாயால் பூட்டில் சாவித் துவாரத்தைத் தேட முடியாது.

இரண்டாவது பரண். பட்டாசு வெடிபொருள் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சரக்கு. விற்கவும் விற்பனைக்காக வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கவே கூடாது. உரிமம் இருந்தாலும், அதில் சொன்ன இடத்தில், சொன்ன அளவில்தான் வைக்க முடியும். ஆட்கள் தூங்கும் அறைகளுக்குக் கீழே, சேலைக் கட்டுகளுக்கும் கற்பூரப் பெட்டிகளுக்கும் நடுவே இருக்கும் மிச்சம் எந்த உரிமத்துக்குள்ளும் வராது. வாங்கிய மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் காவல்துறையின் வெடிபொருள் பிரிவைக் கேட்டு, அவர்கள் சொல்கிற முறையில் ஒப்படையுங்கள். நீங்களே எரிக்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நீங்கள் பெரியப்பா மேல் வைக்கும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அவருடைய வக்கீலுக்கு இந்தப் பரண் ஒன்றே பதிலாகப் போதும்.

அந்தக் கையெழுத்து என்ன செய்யும், என்ன செய்யாது

நீங்கள் அனுப்பிய வாசகம், "தீ தொடர்பான எல்லாப் பொறுப்பும் வாடகைதாரருடையது" என்று மட்டும் சொல்கிறது. முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். மூன்று வருடம் முடிந்ததால் ஒப்பந்தமே செத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. நீங்கள் வாடகை கொடுக்க, அவர் வாங்க, பழைய நிபந்தனைகளோடு மாதாந்திர வாடகையாக அது தொடர்கிறது. ஆகவே அந்த வாசகமும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆனால் அந்த வாசகம் போய்ச் சேரும் தூரம் குறைவு. ஒப்பந்தம் என்பது உங்கள் இருவருக்கும் இடையில், எந்தச் செலவை யார் ஏற்பது என்று பேசிக்கொண்டது. நகராட்சிக்கும், மேலே தூங்குகிறவர்களுக்கும், உங்களிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. அந்த இடத்தில் கேட்கப்படும் கேள்வி, "அது யார் கையில் இருந்தது?" என்பதுதான். கேட்டின் சாவி அவர் கையில். மேல் அறைகளின் தடுப்பு அவர் வேலை. பரணும் கடைக்குள் இருக்கும் சாமானும் உங்கள் கையில். நான்கு ஃபிளாட்டைப் பத்து அறையாக்கினால் அதற்குக் கட்டட வரைபட அனுமதி வாங்க வேண்டியவர் உரிமையாளர். 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டட விதிமுறைச் சட்டம் அந்தக் கடமையை அவர் மேல்தான் வைக்கிறது. உங்கள் கையெழுத்து அதை உங்கள் தலைக்கு மாற்றிவிடாது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கையெழுத்து உண்மையாகவே பொறுப்பை மாற்றும். அதனால்தான் அடுத்த பகுதியைக் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன்.

டிபி போர்டும் அந்த 40 ஆம்பியரும்

2009-ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிமுறைகள்படி, ஒரு கட்டடத்தின் ஒயரிங் பாதுகாப்பாக இருப்பதற்கு அதைப் பயன்படுத்துபவரோ வாடகைக்கு விடுபவரோ பொறுப்பு. ஆனால் அதே விதியில், இந்தப் பொறுப்பை வாடகைதாரருக்கு மாற்றுவதாக எழுத்தில் உடன்படிக்கை இருந்தால், வாடகைதாரரே அதற்குப் பொறுப்பாளி என்றும் இருக்கிறது. பல அச்சடித்த ஒப்பந்தங்களில் இந்த வரி பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்திருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் "மின் நிறுவல்" என்ற சொல் எங்காவது வருகிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய வாசகத்தில் தீ என்றுதான் இருக்கிறது, ஒயரிங் என்று இல்லை. மின்சாரப் பொறுப்பு மாற்றப்பட்டது என்று அதை வைத்து வாதாடுவது கடினம்.

இப்போது பிரேக்கருக்கு வருகிறேன். இந்தக் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். பிரேக்கர் காப்பாற்றுவது ஹாட்பிளேட்டை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. வழக்கமாகப் பிளக் பாயிண்டுகளுக்கு ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதற்கு 20 ஆம்பியர் பிரேக்கர் போடுவது, ஒயர் தாங்கும் அளவைத் தாண்டும் முன்பே மின்சாரத்தை வெட்டுவதற்காக. அதே ஒயரில் 40 ஆம்பியர் மாட்டினால், ஒயர் சூடாகி உறை இளகினாலும் பிரேக்கர் அசையாது. மாலையில் மேலே நான்கைந்து அறைகளில் ஒரே நேரத்தில் ஹாட்பிளேட்டும் கெட்டிலும் ஓடும்போது, அந்தச் சூடு உங்கள் கடையின் சீலிங்குக்கு மேலே, நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் ஏறிக்கொண்டிருக்கும். முன்பு பிரேக்கர் அடிக்கடி விழுந்தது பழுது அல்ல, அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

டிபியில் எர்த் லீக்கேஜ் கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தால் வெட்டும். ஆளைத் தொட்டுக் கொல்லும் மின்சாரத்திலிருந்து காப்பாற்ற வந்தது. அளவுக்கு மீறிய சுமையை அது பார்க்காது. லூசான நியூட்ரல் இணைப்பில் சூடேறுவதையும் பார்க்காது. டிபி போர்டின் மூடி வெதுவெதுப்பாக இருந்தாலோ, பிரேக்கரின் பக்கம் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தாலோ மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம்.

செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, 40 ஆம்பியரை எடுத்து ஒயருக்குத் தகுந்த பிரேக்கரை மாட்ட வேண்டும். மேல் தளங்களுக்குத் தனி ஒயரும் தனி டிபியும் உரிமையாளர் செலவில் வர வேண்டும். பிறகு, ஒயரிங் விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். சி.ஓ.சி. என்ற காகிதத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. சொத்து கை மாறும்போது அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதால், இரண்டு வருடம்தான் உயிர் என்று சிலர் சொல்வார்கள். ஒருமுறை வாங்கினால் என்றென்றைக்கும் போதும் என்று வேறு சிலர். இரண்டும் சரியல்ல. ஒயரிங்கில் எதையாவது சேர்த்தாலோ மாற்றினாலோ, அந்தப் பகுதிக்குப் புதுச் சான்றிதழ் வேண்டும். மேலே ஒயர் இழுத்த அன்றே பழைய சான்றிதழ் அந்த ஒயருக்குப் பேசாது. பெரியப்பாவிடம் சான்றிதழைக் கேட்கும்போது, கூடவே வரும் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். சான்றிதழின் முதல் பக்கத்தை மட்டும் வைத்து எதுவும் தெரியாது.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் பின்னறையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் மாட்டியதால் அது உங்கள் பொறுப்பு. டிபியோடு இணைத்திருந்தால் அதுவும் சி.ஓ.சி.யில் வர வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள், அதுவும் ஊதுவத்திப் பெட்டிகளுக்குக் கீழே, அது இருக்கக்கூடாது.

உங்கள் பங்கு

வேலைக்கு இரண்டு பேர் இருப்பதால் நீங்கள் முதலாளி. 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் நலப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் பிடிக்கும். வேலையாட்களுக்கு மட்டுமல்ல, உங்கள் தொழிலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களுக்கும் நீங்கள் பொறுப்பு. மேலே இருப்பவர்களும் அதில் அடக்கம். கடையின் பின்கதவு உள்ளிருந்து உடனே திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் சேலைக் கட்டுகளை அடுக்குவீர்கள் என்றால், பெரியப்பாவின் பூட்டுக்கும் அந்தக் கட்டுக்கும் வேறுபாடு இல்லை.

கற்பூரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் பொருள். திறந்த அட்டைப் பெட்டியில் இல்லாமல், மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். விளக்கெண்ணெய், நெய், திரி, ஊதுவத்தி இவற்றை ஒரே அலமாரியில் சேர்த்து அடுக்காதீர்கள். சீலிங் விளக்குக்கும் மேலடுக்குச் சாமானுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். கடை அடைக்கும்போது சாமி படத்து விளக்கை மலையேற்றிவிட்டு, திரி கருகி அடங்கியதைப் பார்த்த பிறகு ஷட்டரை இறக்குங்கள். இரவு முழுவதும் எரிய வேண்டும் என்று மனம் கேட்டால் சின்ன மின்விளக்கு வைத்துக்கொள்ளலாம். காவடி மாதத்திலும் தீபாவளிக்கு முன்பும் இடம் போதாமல் படிக்கட்டுக்கு அடியில் சரக்கு வைக்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. படிக்கட்டுக்கு அடியில் பற்றினால் புகை மேலே ஏற ஒரு புகைபோக்கியே தயாராக இருக்கிறது. மேலே இருப்பவர்களின் ஒரே வழியும் அதுதான்.

தீயணைப்பான் இருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. ஆனால் தீயணைப்பான் வைத்திருந்தால் சட்டத்தை நிறைவேற்றியாயிற்று என்று எண்ண வேண்டாம். கடைக்குப் பொதுவாக உலர்தூள் வகை பொருந்தும். டிபி போர்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது. உள்ளே நுழைந்து தேடும்படி கல்லாவுக்குப் பின்னால் இல்லாமல், வெளியேறும் வழிப்பக்கம் சுவரில் மாட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சான்ஸ் 1475 தரத்துப்படி சர்வீஸ் செய்ய வேண்டும். சர்வீஸ் செய்ய வரும் ஆளிடம் அதற்கான பதிவு அட்டை இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள். மாதம் ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டியது மூன்று: முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் அறுபடாமல் இருக்கிறதா, குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா. வேலை செய்யும் இரண்டு பெண்களும் ஒருமுறையாவது கையில் எடுத்துப் பின்னை எப்படிப் பிடுங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். சிறிய தீயணைப்பானில் தூள் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காத தீக்கு எதிரே நிற்கக்கூடாது, வெளியே போய்விட வேண்டும்.

தீயணைப்பு ரீல் குழாய் உரிமையாளரின் பங்கு. இரண்டு தளமும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் 500 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வைக்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் கட்டடத்தில் ரீல் இருக்கிறதா, வால்வைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, கார் கழுவ யாராவது நாசிலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா என்று பாருங்கள்.

மேல் தளங்களில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். சிப்போர்டுத் தடுப்புகள் சீலிங்கோடு நின்றுவிடுகின்றனவா, சீலிங்குக்கு மேலே கூரைத் தகடோ மேல்தளமோ வரைக்கும் போகின்றனவா? பெரும்பாலும் சீலிங்கோடு நின்றுவிடும். அப்படியானால் ஒரு தளத்து அறைகள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வெற்றிடம்தான். ஓர் அறையின் தீ சுவரைத் துளைக்க வேண்டியதே இல்லை. சீலிங்குக்கு மேலே ஏறி, பக்கத்து அறைகளில் கீழே இறங்கும். பைப்பும் ஒயரும் போகும் ஓட்டைகளைத் தீ தாங்கும் பூச்சால் அடைக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். எதை எந்தப் பலகையால் மாற்றுவது, எத்தனை அறை வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தகுதிபெற்ற தீப்பாதுகாப்புப் பொறியாளரோ கட்டடக்கலைஞரோ வந்து பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரி சொல்லக்கூடாது.

வாடகையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். கோபம் நியாயமாக இருந்தாலும் வாடகை பாக்கி என்பது உங்கள் பக்கத்து ஒப்பந்த மீறலாகிவிடும். அதை வைத்தே உங்களை வெளியேற்ற வழக்குப் போடலாம். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை, எழுத்தில் அறிவித்தும் அவர் செய்யாவிட்டால், நீங்கள் நியாயமான செலவில் செய்து அந்தச் செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்று நம் நீதிமன்றங்கள் 1910-இலேயே சொல்லிவிட்டன. ஆனால் வணிக ஒப்பந்தங்களில் "வாடகையிலிருந்து எதையும் கழிக்கக்கூடாது" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால் வாடகையை முழுதாகக் கட்டிவிட்டு, செலவைத் தனியாகக் கேட்க வேண்டும். பூட்டை மாற்றுவது, பிரேக்கரை மாற்றுவது போன்ற சிறிய, அவசரமான வேலைகளுக்கு இந்த வழி சரிப்படும். மேல் தளத்தைப் பிரித்துக் கட்டுவதற்கு அல்ல.

உங்கள் பலவீனத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மாதாந்திர வாடகை என்பதால் முறையாக ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து அவர் ஒப்பந்தத்தை முடிக்க முடியும். கடைகளுக்கு வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தின் பாதுகாப்பு கிடையாது, 1999-ஆம் ஆண்டின் வீட்டு வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு மட்டும். ஆனால் நோட்டீஸ் கொடுத்தாலும்கூட, நீதிமன்ற உத்தரவில்லாமல் கடைக்குப் பூட்டுப் போடவோ மின்சாரத்தை வெட்டவோ அவருக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்தால் அவசர மனு போட்டு உடனே திரும்பப் பெறலாம். அதனால் சண்டையாகத் தொடங்காமல், புதிய ஒப்பந்தம் போடுவோம் என்ற பேச்சோடு தொடங்குவதுதான் உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

நகராட்சியிடம் சொன்னால்

தீயணைப்புச் சேவைகள் சட்டப்படி, தலைமைத் தீயணைப்பு அதிகாரி கட்டடத்துக்குள் வந்து பார்த்து, ஆபத்தை நீக்கும்படி உரிமையாளருக்கோ அங்கே இருப்பவருக்கோ எழுத்தில் உத்தரவு போடலாம். "இருப்பவர்" என்பதில் நீங்களும் உண்டு. பரணை முதலில் காலி செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே இருக்கும் குடும்பங்களுக்காக நீங்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் புகார் போன மறுநாளே அவர்கள் தெருவுக்கு வரமாட்டார்கள். நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 26(3) பிரிவு சொல்கிறது. பாதுகாப்பற்ற கட்டடம் என்பதற்காக ஆட்களை வெளியேற்ற முயன்ற 51 ஒலிவியா சாலை வழக்கில், நகராட்சி முதலில் அங்கே வாழ்பவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அது மட்டுமல்ல, மேலே இருப்பவர்கள் குடியிருப்பு வாடகைதாரர்கள் என்பதால், வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தில் கட்டணமில்லாமல் அவர்களே முறையிடலாம். இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்காகப் பேசுவதைவிட அவர்களோடு சேர்ந்து பேசுவது உங்களையும் காப்பாற்றும்.

பூட்டு விஷயத்தில் மட்டும் காத்திருக்கச் சொல்லமாட்டேன். எழுதிக் கேட்டு இரண்டு மூன்று நாளில் மாறாவிட்டால், உறவு என்ன ஆகும் என்று யோசிக்காமல் நகராட்சியின் தீத்தடுப்புப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் போதுமா?

உங்கள் பாலிசி உங்கள் சரக்குக்கு. கட்டடம் அவருடைய பாலிசியில். தீ உங்கள் கடையில், உங்கள் கவனக்குறைவால் தொடங்கியது என்றால், அவருடைய காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் நின்று உங்கள் மேல் வழக்குப் போடும். பெரியப்பா மன்னித்தாலும் நிறுவனம் மன்னிக்காது. அதனால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான பொறுப்புக் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா, எவ்வளவுக்கு என்று பாருங்கள். புதிய ஒப்பந்தத்தில், அவருடைய காப்பீட்டு நிறுவனம் உங்கள் மேல் திரும்பி வராது என்ற வாசகத்தை, அந்த நிறுவனத்தின் சம்மதத்தோடு சேர்க்கக் கேளுங்கள்.

சரக்கின் மதிப்பைக் குறைத்துச் சொல்லிப் பிரீமியம் மிச்சம் பிடிக்கிற பழக்கமும் ஆபத்து. 6 லட்சம் ராண்ட் சரக்குக்கு 3 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருந்து, 2 லட்சத்துக்குச் சேதமானால், பாதி விகிதத்தில் 1 லட்சம்தான் கைக்கு வரும். தீபாவளிக்கு முன் சரக்கு இரண்டு மடங்காகும் மாதங்களுக்கு முன்கூட்டியே தொகையை உயர்த்துங்கள். மேலே பத்து அறை, கடையில் இன்வெர்ட்டர், பருவத்தில் பட்டாசு என்பதையெல்லாம் நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத விஷயம் தீக்குப் பிறகு வெளிவந்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகும். கலவரத்தில் எரிந்தால் சாதாரண பாலிசி கொடுக்காது, அதற்கென்றே உள்ள அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பீடு தனியாக வேண்டும். 2021 ஜூலையைப் பார்த்த நம் மாகாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியப்பாவுக்கு எழுதும் கடிதம்

உறவுக்காரருக்குக் கடிதம் எழுதுவதா என்று தயங்காதீர்கள். நேரில் போய், மரியாதையாகப் பேசி, "மறந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதியும் கொண்டுவந்தேன் பெரியப்பா" என்று கையில் கொடுங்கள். ஒரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதையே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம். கேட்டின் பூட்டு, 40 ஆம்பியர் பிரேக்கர், மேல் தளத்துக்கான ஒயர், சி.ஓ.சி.யும் சோதனை அறிக்கையும், அங்கீகரித்த வரைபடம், ரீல் குழாய் என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி, எதிரே ஒரு தேதி போடுங்கள். பூட்டுக்கு 48 மணி நேரம், பிரேக்கருக்கு ஏழு நாள், மற்றவற்றுக்கு ஒரு மாதம் என்று கொடுத்தால் யாரும் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. அதே கடிதத்தில் உங்கள் பங்கையும் எழுதுங்கள்: பரணைக் காலி செய்த தேதி, தீயணைப்பானைச் சர்வீஸ் செய்த தேதி, இன்வெர்ட்டருக்குச் சான்றிதழ் வாங்கப்போகும் தேதி. போட்டோவும் இணையுங்கள். பூட்டிய கேட்டை எடுக்கும் படத்தில் நேரம் தெரியட்டும்.

புதிய ஒப்பந்தம் பேசும்போது "தீ தொடர்பான எல்லாப் பொறுப்பும்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் இடத்தில், கட்டடமும் பொதுவழிகளும் பொது ஒயரிங்கும் உரிமையாளருக்கு, கடைக்குள் இருக்கும் சாமானும் நீங்கள் மாட்டிய கருவிகளும் உங்களுக்கு என்று பிரித்து எழுதுங்கள். கால அளவு குறைந்தது மூன்று வருடம் கேளுங்கள், மாதாந்திர நோட்டீஸ் பயம் அதோடு போகும். மின் நிறுவலின் பொறுப்பை உங்களுக்கு மாற்றும் வரி வந்தால், மேல் தளத்தின் ஒயர் உங்கள் டிபியிலிருந்து முழுவதும் பிரிக்கப்பட்டு, கடைக்கு மட்டும் தனிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதற்கு நடுவில் மறுபடியும் மேலே ஏதாவது பற்றினால், முதலில் மெயினை இறக்குங்கள், குரல் கொடுத்து எல்லாரையும் வெளியே வரவையுங்கள், பிறகு 10177 அல்லது கைப்பேசியிலிருந்து 112. போன மாதம் போல அக்கம்பக்கத்தாரே அணைத்துவிட்டாலும் தீயணைப்புப் படைக்குத் தகவல் சொல்லுங்கள், சுவருக்குள் புகைந்துகொண்டிருப்பதைப் பார்க்கும் கருவி அவர்களிடம் இருக்கும்.